ஏனுங்க என்றொரு ஃபைல்

போன ஞாயிற்றுக்கிழமை சோறு வைத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் ஒரு சத்தம் வந்தது. கர்ர்ர்… டக். கர்ர்ர்… டக் டக். அவ்வளவுதான். அடுப்பைத் தணிக்க மறந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை, துடியலூரில் இந்த மாடிப் போர்ஷனில் சாப்பிடப்போவது நான் ஒருத்தன்தானே.

அது பழைய ஃபிளாப்பி டிரைவ் ஓடுகிற சத்தம். பழங்காலக் கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறவர்களின் வாட்ஸப் குரூப் ஒன்றில் நானும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது பேர் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் சண்டை மட்டும் பங்காளிச் சண்டை மாதிரி நடக்கும். போன மாதம் மூன்று நாள் சண்டை, பழைய 386 பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதைப் பற்றி. அமுக்கினால் வேகம் கூடும் என்று ஒரு கட்சி. இல்லை, பழைய விளையாட்டுகள் கண்மண் தெரியாமல் ஓடாதபடி வேகத்தைக் குறைக்கத்தான் அதை வைத்தார்கள் என்று இன்னொரு கட்சி. எனக்குத் தெரிந்த ஒரே டர்போ பொத்தானின் மேல் எங்கள் பழைய முதலாளி பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். அதை அமுக்கினால் கரண்டு பில் ஏறிவிடும் என்பது அவருடைய கட்சி.

முதலாளி சூலூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளின் நடுவில், இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாலு தறியை விற்றுவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் டி.டி.பி. சென்டர் ஆரம்பித்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஏ.சி. வைத்த ஒரு சின்ன அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வேலை முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். எங்கள் பக்கத்துப் பத்திரிகை உங்களுக்குத் தெரியுமல்லவா, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மூலையில் இருப்பார்கள், மிச்ச இடமெல்லாம் அங்காளி பங்காளி, மாமன் மச்சான் பேர்கள். ஒரு பேர் விட்டுப்போனால் கல்யாணமே ரகளையாகிவிடும்.

அந்த ஒரு மெஷினுக்கு இரண்டு ஆபரேட்டர்கள். காலை ஏழிலிருந்து ஒன்றரை வரை ஒரு பெண். இரண்டிலிருந்து எட்டரை வரை நான். நடுவில் அரை மணி நேரம் மெஷினை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியை முதலாளி இடுப்பில் செருகிக்கொள்வார். எதற்கு இந்த அரை மணி நேரம் என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

“ஏனுங்க தம்பி, தறியவே ரெண்டு சிப்டுக்கு நடுவால செத்த நிறுத்தி மூச்சுட வெக்கறோம். இது எத்தன பெரிய மெசினு! அரை மணி நேரம் கம்முனு கெடக்கட்டுமுங்க.”

மெஷின் மூச்சு விட்டது. எங்களுக்குத்தான் அந்த அரை மணி நேரம் குறுக்கே நின்றுவிட்டது. ஒன்றரை வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தோம், ஒரே கீபோர்டில் அடித்தோம், நேரில் ஒரு நாள்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

நாற்காலி என்றதும் அந்தக் காகிதக் கட்டு ஞாபகம் வருகிறது. அவள் கொஞ்சம் குள்ளம் போலிருக்கிறது. பழைய புரூஃப் தாள்களைக் கட்டாகக் கட்டி, அதை நாற்காலியில் போட்டு உட்காருவாள். நான் வந்ததும் கட்டை எடுத்து மேஜைக்கு அடியில் வைப்பேன். மறுநாள் அது நாற்காலிக்கு வந்திருக்கும். மானிட்டர் சூடாகும்போது கிளம்புகிற தூசி வாசனையும் பிரிண்டர் பொடியின் வாசனையும் அந்தத் தாள்களில் ஏறியிருக்கும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் செய்தி அந்தக் கட்டின் உயரம்தான்.

வேலையை ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர ஒரு நோட்டு இருந்தது. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அதில்தான் சொந்தக்காரர் பேரையெல்லாம் எழுதிப் பார்ப்பார்கள். பிறகு தாளைக் கிழித்துக்கொண்டு போய்விடுவார்கள். சலித்துப்போய், ஒரு நாள் அவள் மெஷினிலேயே ஒரு ஃபைலைத் திறந்து தமிழில் அடித்து வைத்திருந்தாள்.

“ஏனுங்க, பெரிய பத்திரிகையில ரெண்டாம் பக்கம் வரைக்கும் அடிச்சுப்போட்டேனுங்க. தாய்மாமன் பேரு ஒண்ணு உட்டுப்போச்சு, சேத்திப்போடுங்க. வாரேனுங்க.”

அந்தக் காலத்தில் ஃபைலுக்குப் பேர் வைக்க எட்டு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது, அதுவும் ஆங்கில எழுத்து. முதல் சொல்லையே எடுத்து ENUNGA என்று வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏனுங்க என்ற ஒரு சொல் இருந்தால் போதும், யாரிடமும் பேர் கேட்காமலேயே வாழ்நாளை ஓட்டிவிடலாம். கடைக்காரர், கண்டக்டர், சம்பந்தி, கட்டின புருஷன், எல்லோரும் ஏனுங்கதான். முகத்துக்கு நேரே பேரைக் கேட்பதென்றால் நாக்கு எழாது. முதலாளியும் அவளை ‘அந்த அம்மணி’ என்றுதான் சொல்வார், அவருக்கு எல்லாப் பெண்களும் அம்மணிதான். அவள் என் பேரைக் கேட்கவில்லை, நானும் அவள் பேரைக் கேட்கவில்லை. மரியாதையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

பிறகு அந்த ஃபைல் தானாக வளர்ந்தது. எங்கள் கீபோர்டில் ‘ழ’ கட்டை மட்டும் சிக்கிக்கொள்ளும். எங்கள் பிழைப்போ அழைப்பிதழ், அந்தச் சொல்லிலேயே இரண்டு ழ. அடித்தால் நாலாக வந்து விழும். ஒரு நாள் எழுதியிருந்தாள்: “ஏனுங்க, ழவுக்கு அடியில நூலு ஒண்ணு சிக்கியிருந்துச்சுங்க. ஊசியில எடுத்துப்போட்டேன். இனி ஒண்ணடிச்சா ஒண்ணுதானுங்க வரும்.” நான் பதிலுக்கு, “ரெண்டா வந்தப்பவே நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்று அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் நான் சொன்ன அதிகபட்சத் துணிச்சலான பேச்சு அதுதான். சிரிக்காதீர்கள்.

நான் கோபிப் பக்கத்திலிருந்து வந்தவன். லாட்ஜில் ஒரு அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் மில்லில் ராத்திரி வேலை, நான் எழும்போது தூங்குவார்கள், நான் திரும்பும்போது போயிருப்பார்கள். மெஸ்ஸில் “இன்னும் கொஞ்சம் குழம்புங்க” என்பதைத் தவிர நாள் முழுக்க வாய்க்கு வேலை இல்லை. இரண்டு மணிக்கு மெஷினைப் போட்டால் முதலில் அந்த ஃபைலைத்தான் திறப்பேன். அவள் ஊரான சூலூரில் மழை பெய்தது, நோம்பிக்குத் தங்கச்சி புதுத்துணி கேட்டு அழுதது, பஸ்ஸில் யாரோ கோழியோடு ஏறியது, எல்லாம் அதில் இருக்கும். அவளை நேரில் பார்த்து ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்பதுதான் அந்த ஒன்றரை வருஷமும் எனக்கிருந்த ஒரே ஆசை. “நாளைக்கு ஒன்றரைக்கே வரட்டுங்களா” என்று எத்தனையோ நாள் அடித்திருக்கிறேன். அடித்து, பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்துவிட்டு, “வேலை முடிஞ்சுதுங்க, வாரேனுங்க” என்று போடுவேன்.

அவள் ஒரு தடவை எழுதினாள். “ஏனுங்க, ஒன்றரைக்கு மேல அரை மணி நேரம் எங்கூரு பஸ்ஸு இல்லீங்க. தெனமும் ஸ்டாண்டுல சும்மாதான் நிக்கறனுங்க.”

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? “எதுக்குங்க நிக்கறீங்க, பல்லடம் பஸ்ஸு வந்தா ஏறிக்கோங்க, சூலூர்ல நிறுத்துவான்.”

இதை என் மனைவியிடம் பல வருஷம் கழித்துச் சொன்னேன். அவள் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “பேருகோடக் கேக்காம ஒன்றரை வருசமுங்களா? பஸ்ஸுக்கு வழி வேற சொன்னீங்களா? உங்களையக் கட்டி மேய்ச்சதுக்கு எனக்கு ஒரு கோயிலு கட்டோணும்.” அவள் போய் நாலு வருஷமாகிறது. சிரிக்கவும் இப்போது ஆள் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமான ஒரு சனிக்கிழமை. ஃபைலில் அவளுடைய குறிப்பு வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

“ஏனுங்க, சூலூர் பத்திரிகை ஒண்ணு அடிச்சு வெச்சிருக்கறனுங்க. நீங்க ஒருக்கா நல்லாப் பாக்கோணும். ஏதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தானுங்க அச்சுக்குப் போகும்.”

புரூஃப் பார்ப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. முன்னாலிருந்து படித்தால் கண் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், எழுத்துப் பிழை தப்பிவிடும். அதனால் கடைசிச் சொல்லில் ஆரம்பித்துப் பின்னாலிருந்து முன்னால் படிப்பேன். யார் யாரைக் கட்டுகிறார்கள், எந்த ஊர், எந்த மண்டபம், எதுவும் மண்டையில் ஏறாது. எழுத்து மட்டும்தான் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு பிழை இல்லை, ஒரு புள்ளி விடுபடவில்லை. நானாக இருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக அடித்திருக்க மாட்டேன் என்று மெச்சிக்கொண்டே எழுதினேன்: “நல்லாப் பாத்துப்போட்டேனுங்க. தப்பு ஒண்ணும் இல்லீங்க. அச்சுக்குப் போகலாம்.”

திங்கட்கிழமை ஃபைலில் ஒரே வரி இருந்தது. “சரிங்க. வாரேனுங்க.”

எந்த நாளும் அவள் அப்படித்தானே முடிப்பாள்? எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். நானும் தினசரி வாரேனுங்க என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கட்டு மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. புதன்கிழமையும். “ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?” என்று அடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன், காலையில் வருகிறவர்கள் லீவா என்று.

“லீவா? அட, அந்த அம்மணிக்கு அடுத்த மாசம் கல்யாணமுங்க தம்பி. வேலைய உட்டு நின்னுக்கிட்டாங்க. பத்திரிகைய நீங்கதானுங்களே பாத்துச் சரின்னு சொன்னீங்க?”

உள்ளே போய் அந்தப் பத்திரிகையைத் திறந்தேன். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக முன்னாலிருந்து படித்தேன். மணமகள் சாந்தாமணி. அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டு அழுதிருக்கலாம், கதவுக்கு வெளியே முதலாளி உட்கார்ந்திருந்தார்.

நாள், மண்டபம் எல்லாம் கையில் இருந்தும் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போய் மேடையில் நின்றால் யாரென்று சொல்வது? என் முகம் அவளுக்குத் தெரியாது, பேரும் தெரியாது. அடுத்த வாரம் காலை ஷிப்டுக்கு ஒரு நெட்டையான ஆள் வந்தார். அவருக்குக் கட்டு தேவைப்படவில்லை. அவர் கண்ணில் படுவதற்கு முன் அந்த ஃபைலை ஒரு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு மெஷினிலிருந்து அழித்தேன். டிரைவ் அப்போதும் இதே சத்தம்தான் போட்டது. கர்ர்ர்… டக்.

அந்த ஃபிளாப்பி எத்தனையோ வீடு மாறி என்னோடு வந்திருக்கிறது. டிரைவ் இருந்த காலத்தில் திறக்கத் தைரியம் இல்லை, தைரியம் வந்தபோது டிரைவ் இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்ட மறுநாள், அதைப் பதிவு செய்து குரூப்பில் போட்டிருந்த தம்பிக்கு ஃபிளாப்பியைக் கூரியரில் அனுப்பிவைத்தேன். நாலு நாளில் பதில் வந்தது. “ப்ரோ, ஃபைல் மட்டும் காப்பி ஆயிருச்சு. ஆனா ஃபுல்லா கரப்ட். எல்லாம் கிறுக்கல். ஸாரி ப்ரோ.”

திறந்து பார்த்தேன். வரிக்கு வரி VDq;f VDq;f என்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபைல் கெடவில்லை. நாங்கள் அடித்த அந்தத் தமிழ் எழுத்துரு இன்றைக்கு இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, எந்தக் கட்டையை அமுக்கினோமோ அந்த ஆங்கில எழுத்தைக் காட்டுகிறது. மேஜைமேல் விரல்களை வைத்து அந்த எழுத்துகளைச் சும்மா தட்டிப் பார்த்தேன். ஏ, னு, ங், க. விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மழை, நோம்பி, கோழி, ழவுக்கு அடியில் நூல், பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பது, எல்லாவற்றையும் தட்டித் தட்டியே படித்தேன்.

அந்த மாடியில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். முதலாளி சூலூருக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி. பத்திரிகையை ஜனங்கள் செல்போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். என்னை எல்லோரும் சார் என்கிறார்கள், ப்ரோ என்கிறார்கள், ஏனுங்க என்று கூப்பிட ஆளில்லை. அந்த ஃபைலில் எந்த வரி யாருடையது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தர் பேர் எனக்குத் தெரியும். என் பேர் அவருக்குத் தெரியாது.

அந்தத் தம்பி பாவம், இன்னொரு தடவையும் ஸாரி சொல்லியிருந்தான். “ஃபைல்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க” என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன், பழக்கதோஷம், பின்னாலிருந்து முன்னால் ஒருக்கா படித்தேன். இல்லீங்க. ஒண்ணும். தப்பு.