வீல் கப்புக்குள் யார் தட்டியது?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மேட்டுப்பாளையத்தில் இருந்து அன்னூர் போகிற ரோட்டில் காரை ஓரம் கட்டிவிட்டு, இடது பின் சக்கரத்துக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய்.

பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டில், ஐம்பது வயது ஆள் ஒருவன் கார் சக்கரத்தைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்? சொல்கிறேன்.

அந்தச் சத்தம் அதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டது. பீளமேட்டில் ஒரு காலேஜ் வாசலில், பஸ் ஒன்று குறுக்கே திரும்பியதால் பிரேக் போட்டு மெதுவானேன். டக்... டக்... டக். வெளியில் இருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல. நின்றேன். சத்தமும் நின்றது. இறங்கிச் சுற்றிப் பார்த்தேன் - யாரும் இல்லை. மறுபடி கிளப்பினேன். டக்... டக். வேகம் எடுத்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை.

அதன் குணமே அதுதான். வேகமாகப் போனால் வாயைத் திறக்காது. மெதுவானால் தட்டும். நின்றால் நின்றுவிடும். என்னைக் கூப்பிட்டுவிட்டு, நான் திரும்பிப் பார்த்ததும் பேசாமல் இருந்துவிடும்.

என் கார் எனக்கு முன்னால் மூன்று பேரிடம் இருந்த கார். அதில் டேஷ்போர்டு ஒரு பக்கம் பேசும், டிக்கி ஒரு பக்கம் பேசும். நான் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதற்கும் ஒரு வைத்தியம் செய்தேன் - கேசட் பிளேயரின் வால்யூமைக் கூட்டி வைத்தேன். நல்ல வைத்தியம். இரண்டு நாள் வேலை செய்தது.

புதன்கிழமை காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கேசட் போடவில்லை. என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பின்னால ஆராச்சும் இருக்காங்களா?"

"காய்ப் பை இருக்குது அம்மணி."

"தட்டுற சத்தம் கேக்குதுங்களே."

"கத்தரிக்கா தட்டும்."

அவள் சிரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை பின் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு வாசலில் நின்று, காரணத்தையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்கு முந்தின வாரம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு விபத்து. ரோட்டோரத்தில் பைக் கிடந்தது. பக்கத்தில் வேட்டி போர்த்திய ஒரு உருவமும் கிடந்தது. நான் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இருக்கிற கெட்ட பழக்கம்.

"அங்க நிறுத்துனீங்கல்ல... அப்பிருந்துதானுங்க இது."

நாள் கணக்குப் பார்த்தேன். பொருந்தித் தொலைத்தது.

மறுநாள் காலையில் முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பின் பம்பரில் கறுப்புக் கயிறு. நான் அவளைக் கேலி செய்தேன். ஆனால் உங்களிடம் என்ன மறைக்க? அன்றிலிருந்து வண்டி மெதுவாகும்போதெல்லாம் ரியர்வியூ கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பின் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

என் மனைவியின் தங்கை செல்விக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்று ஒரு விருந்து உண்டு. பெண் வீட்டார் வகைவகையாகச் சாதம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மாப்பிள்ளை வீடு மேட்டுப்பாளையம். என் மாமனார் வீடு அன்னூர். சாப்பாடு முடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லோரும் வேனில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். வேன் குலுக்கும், பிள்ளைத்தாய்ச்சியைக் காரில் ஏற்றுங்கள் என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது யார்? வேறு யார், நான்தான்.

வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. காற்று நின்றுபோயிருந்தது. ரோட்டில் எங்கள் காரைத் தவிர ஒரு வண்டி இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது தட்டியது. டக்... டக்... டக்.

பின் சீட்டில் இடது பக்கம் செல்வி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, எனக்குக் கீழதானுங்க கேக்குது."

என் மனைவி வாய்க்குள்ளேயே அம்மன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சத்தம் நின்றது.

"பாத்தியா கண்ணு, நின்னுபோச்சு" என்றாள் மனைவி.

செல்வி சீட்டில் கையை ஊன்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சத்தம் நின்னுபோச்சுங்க. ஆனா வண்டி ஆடுதுங்க மாமா."

ஆமாம், ஆடியது. நாற்பதில் போகும்போது வண்டியின் பின்பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம் அசைந்தது. யாரோ பின்னால் தொற்றிக்கொண்டு வருகிற கனம். அங்கேதான் ஓரம் கட்டினேன்.

இப்போது அந்தச் சக்கரத்தைப் பார்ப்போம். ஆயுத பூஜைக்காக அடித்த சில்வர் பெயின்ட் இன்னும் பளபளவென்று இருந்தது. நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வீல் கப். அதன் மேல் பூஜைக்கு வைத்த சந்தனமும் ஒற்றைக் குங்குமப் பொட்டும் காய்ந்து ஒட்டியிருந்தன. அந்த வீல் கப்பின் விளிம்புக்கு அடியில் இருந்து ஐந்து சிவப்புக் கோடுகள் வெளியே வந்திருந்தன. உள்ளே இருந்து ஒரு கை ஐந்து விரலையும் விரித்து நீட்டிய மாதிரி.

மற்ற மூன்று சக்கரத்தையும் ஓடி ஓடிப் பார்த்தேன். ஒன்றிலும் அப்படி இல்லை.

"குங்குமமுங்க" என்றாள் மனைவி. "நாம நடுவுலதான ஒரு பொட்டு வெச்சோம்? உள்ள ஆரு வெச்சது? ஆத்தா என்னமோ சொல்றா. நிக்காதீங்க, வண்டிய எடுங்க. நாலரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்குள்ள புள்ளைய ஊடு சேத்தோணும்."

நானும் எழுந்துவிட்டேன். அந்த இடத்தில் இருந்து போனால் போதும் என்றுதான் இருந்தது.

செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை புது வளையல். அவள் புருஷனுக்கு மேட்டுப்பாளையத்தில் இரும்பு கடைகிற லேத் பட்டறை. கல்யாணமான நாளில் இருந்து பட்டறையில் பாதி வேலை அவள் கண்காணிப்பில்தான் நடக்கிறது. அவளால் குனிய முடியவில்லை.

"மாமா, அதுல துளி தொட்டு என் கையில வைங்க."

வைத்தேன். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"குங்குமம் இல்லீங்க. இரும்புத் தூளு. ரெண்டு இரும்பு லூசா இருந்து ஒரசுச்சுன்னா இப்படித்தான் செவப்பா வருமுங்க. அந்தக் கப்பக் கழட்டுங்க மாமா."

ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். கப் கழன்று விழுந்தது. அதோடு இரண்டு வீல் நட்டுகளும் விழுந்தன. ஒன்றுக்குள் உடைந்த போல்ட்டின் துண்டு மாட்டியிருந்தது, சுண்டுவிரல் நுனி அளவுக்கு. இரண்டும் தார் ரோட்டில் உருண்டு வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் நின்றன.

இவைதான் ஒரு வாரமாகத் தட்டியவை. வேகமாகப் போகும்போது சுழற்சியில் கப்பின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கின்றன. மெதுவானதும் உருண்டு விழுந்து, டக்... டக்.

ஐந்து கோடு, ஐந்து நட்டு. ஐந்தில் இரண்டு போயிற்று. மிச்சம் மூன்று. அதில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்தேன். திருகக்கூட இல்லை, தொட்டதும் சுற்றியது. தேங்காய் எண்ணெய் பாட்டில் மூடிக்குக்கூட அதைவிட அதிகமாகக் கை வலிக்கும். பேய்க்குப் பயந்தது ஒரு பயம். இது வேறு பயம். இந்த மூன்றை நம்பியா இந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தேன்?

டிக்கியைத் திறந்தேன். வீல் ஸ்பேனர் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

"மெல்ல உருட்டிட்டுப் போனா அன்னூர் போயிறலாமுங்களா?" என்று மனைவி கேட்டாள். ராகு காலம் அவளை விடவில்லை.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னாலும் சரிங்க. நான் இதுல ஏறமாட்டேன்." செல்வி குரலை உயர்த்தவே இல்லை.

பத்து நிமிஷத்தில் ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் செல்வியைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டார். அக்காவும் தங்கையும் ஏறிப் போனார்கள். நான் அரை கிலோமீட்டர் நடந்து, ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து பீளமேட்டில் உள்ள என் மெக்கானிக் சின்னசாமியைக் கூப்பிட்டேன். பிறகு திரும்பி வந்து காத்திருந்தேன்.

ஒன்றரை மணி நேரம். நானும் அந்தக் காரும் மட்டும். சூடு தணிகிற என்ஜின் திடீரென்று ஒரு தடவை டிக் என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன பயம் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே உட்கார என்னால் முடியவில்லை.

சின்னசாமி ஸ்கூட்டரில் வந்தார். நேராக ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் அவர் கையோடு வந்துவிட்டது. மிச்சம் இருந்த போல்ட்டுகளில் நட்டு ஏறுகிற மரை என்று ஒன்றே இல்லை, மழுமழுவென்று தேய்ந்திருந்தன. சக்கரத்தில் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தன.

"பெயின்ட்டு மேல நட்டு உக்காந்துச்சுங்க சார். ஓட ஓட பெயின்ட்டு நசுங்கிப் போச்சு. நசுங்குன எடத்துல நட்டு லூசாயிருச்சு. லூசான சக்கரம் போல்ட்ட அறுத்துப்போட்டுது."

"இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் கைப்பிடிச் சுவர் இடிந்த ஒரு சின்னப் பாலம் தெரிந்தது.

"அந்தப் பாலம் தாண்டியிருக்காதுங்க."

சரி. இதுவரை தள்ளிப்போட்டு வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் சின்னசாமிதான் என் கார் சக்கரங்களுக்கு பெயின்ட் அடித்தார். அவசரப்படுத்தியது நான். பெயின்ட் சரியாகக் காயவில்லை. கீறல் விழக்கூடாது என்று நட்டுகளை லேசாக முடுக்கினார். அதற்குள் அவர் பட்டறையில் இருந்த ஸ்பேனர், சுத்தியல், என் காரின் வீல் ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"ஸ்பேனரெல்லாம் சாமிக்கு வெச்சாச்சுங்க சார். நாளான்னிக்கு ஒரு எட்டு வந்துருங்க. நட்டுக்கு அடியில பெயின்ட்டச் சொரண்டிப்போட்டு நல்லா ஒரு இறுக்கு இறுக்கித் தாரேன். மறந்துறாதீங்க" என்றார் சின்னசாமி. சரி என்றேன்.

நான் மறக்கவில்லை. அதுதான் விஷயம். தினமும் ஞாபகம் இருந்தது. அவர் பட்டறை என் வீட்டில் இருந்து ஐந்து நிமிஷம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். அந்தச் சத்தம் வந்தபோதுகூட எனக்கு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வால்யூமைக் கூட்டியது அதனால்தான். மனைவி பேய் என்றதும் மனசுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. பேய் என்றால் என் தப்பு இல்லையே.

நாம் அமானுஷ்யம் என்று பயப்படுவதில் பாதி, யாரோ செய்யச் சொல்லி நாம் செய்யாமல் விட்ட வேலையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் காரைச் சின்னசாமியிடம் விட்டுவிட்டு அன்னூர் போனேன். வீடு நிறைய ஆட்கள். "எப்படிங்க மாப்ள இப்படி ஆச்சு?" என்று மாமனார் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாய் சொன்னது: "மெக்கானிக் நட்டைச் சரியா முடுக்கலைங்க."

அவ்வளவுதான். சின்னசாமியை ஆளாளுக்குப் பேசித் தீர்த்தார்கள். வேனில் கூட வந்திருந்த செல்வியின் புருஷன் தன் பட்டறை வண்டியை இனி அவரிடம் விடப்போவதில்லை என்றார். செல்வி சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவரு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா மாமா?"

"இல்லையே."

"அப்படீங்களா" என்றாள்.

திங்கட்கிழமை சின்னசாமி புது போல்ட், புது நட்டு எல்லாம் போட்டுக் கொடுத்தார். அன்னூரில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இப்போது கார் அந்த டக் டக் சத்தம் இல்லாமல் ஓடுகிறது. அதுதான் தொல்லை. அன்றைக்கு வண்டி ஆடியதும் அந்தச் சத்தம் இல்லாமல்தானே? நாற்பதைத் தாண்டி எல்லாம் அமைதியாகிறபோது எனக்கு ஸ்டீயரிங்கில் கை வேர்க்கிறது. வண்டியை ஓரம் கட்டிக் கீழே இறங்கி, நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன்.

சின்னசாமி, தப்பு என் மேல்தான். நீங்கள் சொன்னீர்கள்.

இதை நேரில் போய்ச் சொல்லாமல் எதற்கு இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன் என்கிறீர்களா? அன்னூரில் பிரசவத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, வாராவாரம் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பாள்.