அறுபது கிலோ என்று எழுதிய படகு

அந்தப் பெண் அன்று தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாளா, இல்லையா? ஆறு வருடமாகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மாடிக்குப் புது ஃபைபர் தண்ணீர் டேங்க் ஏற்றினார்கள். கொண்டுவந்தவர் அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியாம்மா, இன்னா கெட்டி!" என்றார். மூடியைத் திறந்ததும் ரெசின் பசை வாடை குப்பென்று வந்தது. இடுப்பிலிருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்த வாடை குழந்தைக்கு ஆகுமா, தண்ணீரில் இறங்குமா என்று வழக்கம்போலப் பத்துக் கவலை பட்டேன். பதினொன்றாவதாக அந்தப் படகு வந்து நின்றது.

கல்யாணத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபைபர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். டிப்ளமோ படித்தவள் என்பதால் எனக்கென்று ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு கையெழுத்து. தண்ணீர் டேங்கும் பாத்ரூம் கதவும்தான் எங்கள் கலைப்படைப்புகள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு பந்தயப் பாய்மரப் படகு ஆர்டர் வந்தது. ஒரே ஆள் ஓட்டுவது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வரைபடம் அவ்வளவு அழகு. முட்டை ஓடு மாதிரி உடம்பு. நடுவில் நுரைப்பலகை, இருபுறமும் ஒவ்வொரு அடுக்குக் கண்ணாடியிழைத் துணி, துணி நனையும் அளவுக்கு மட்டும் ரெசின். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் தட்டை. காற்று வலுத்தால் படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, அதன் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு உடம்பு அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. நகலை வீட்டுக்கு எடுத்துப்போய், சாப்பிடும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேனேஜர் இருபது வருடம் டேங்க் செய்தவர். டேங்க் உலகில் கனம்தான் மரியாதை. வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார், சத்தம் திம்மென்று வந்தால் தலையாட்டுவார். மனிதருக்கு அதற்கு மேல் ஓர் உலகம் கிடையாது. வார்ப்பு வேலை செய்யும் அமுலு அக்கா ரோலரால் உருட்டி உருட்டி மிச்ச ரெசினை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது மேனேஜர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, நூலெல்லாம் தெரியுது? இன்னும் ரெண்டு கோட்டு ரெசின் ஊத்து."

"மேடம் வேணாம்னு சொல்லிக்கினு கீறாங்க சார்."

"மேடம் இதுவரைக்கும் எத்தினி டேங்க் ஊத்திக்கீது?"

ஊற்றினார்கள். போதாதென்று உள்ளே இன்னோர் அடுக்குத் துணி வேறு. அமுலு அக்கா என் காதில், "படகு வாங்குனா டேங்க் இனாம் மேடம்" என்றார்.

தராசு எண்பத்தொன்று காட்டியது. "ஈரம்மா அது. காய்ஞ்சா கொறஞ்சிடும். அறுபதுன்னு எழுது" என்றார் மேனேஜர், துவைத்த போர்வையைத் தூக்கிப் பார்த்தவர் மாதிரி. ரெசின் இறுகும். இறுகினால் இருபத்தோரு கிலோ எங்கேயும் ஓடிப்போகாது. முதல் வருடப் பாடம் இது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது. நல்ல கையெழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல், அறுபது என்று எழுதினேன்.

பழவேற்காடு ஏரியில் ஓட்டிப் பார்த்தார்கள். வாங்குகிற கிளப்பிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒருத்திக்கு அவர்களுடைய பழைய படகு, இன்னொருத்திக்கு எங்களுடையது. தூக்கி இறக்கியது எங்கள் ஆட்கள், அதனால் கனம் வேறு யாருக்கும் தெரியவில்லை. எங்கள் படகில் ஏறியவளுக்குப் பதினேழு வயது இருக்கும். அடுத்த மாதம் தேர்வுப் பந்தயமாம். டப்பாவை என்னிடம் கொடுத்து, "வெச்சிருங்கக்கா. எங்கம்மா அமுக்கி அமுக்கிப் போட்டிருக்காங்க, பசிக்குது, வந்து சாப்பிடறேன்" என்றாள்.

கடல்காற்று எழுந்தது. பழைய படகு மூக்கைத் தூக்கி, பின்னால் வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு பறந்தது. எங்களுடையது சேற்றில் இறங்கிய எருமை. அவள் படகைச் சமன்படுத்த விளிம்புக்கு வெளியே தொங்கினாள், முதுகு தண்ணீரைத் தொடுமளவு சாய்ந்தாள். பாய் விம்மியதுதான் மிச்சம், படகு எழவே இல்லை. "புதுச் செருப்பு மாரிதான், போகப் போகப் பழகிடும்" என்றார் மேனேஜர்.

கரையேறியவள் மூச்சு வாங்க என்னிடம் வந்தாள். "எடை சீட்டு நீங்கதானே போட்டீங்க? அறுபதுதானாக்கா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.

"அப்ப நான்தான் குண்டாயிட்டேன் போல." சிரித்தாள். நான் நீட்டிய டப்பாவை வாங்கி, திறக்காமலே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை, கிடங்காகிவிட்டது. படகு வார்த்த அச்சைக் கவிழ்த்து பைக் நிறுத்துமிடத்துக்குக் கூரையாக்கியிருக்கிறார்களாம். அமுலு அக்கா போனில் சொன்னார்: "சொட்டு ஒழுகலியாம் மேடம். சாரு கேட்டா பூரிச்சிப் போவாரு." வரைபட நகல் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. மேனேஜரை நினைத்தால் இன்றும் எனக்கு இளக்காரம்தான். ஆனால் அந்தக் கனம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மகள் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அந்த ஜிப் சத்தம் கேட்கிறது. "அவ எப்பவோ மறந்திருப்பா, விடு" என்கிறார் கணவர். கிளப்பின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. விசாரித்தால் அவளைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்துச் சொல்வது அவளுக்காகவா, நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகவா என்பதில்தான் குழம்பி நிற்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் போன் செய்வீர்களா? செய்வதென்றால், "கனம் நீ இல்லம்மா, படகுதான்" என்பதை எந்த வார்த்தையில் தொடங்குவீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.