கடைசிப் பக்கம் முதலில்

ஃபைல் கைக்கு வந்ததும் அக்கா அதைக் கவிழ்த்துப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். அறுபது பக்கமானாலும் அப்படித்தான். கையில் பென்சில், கண்ணாடி நெற்றிமேல். கிட்டத்தில் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம். தூரத்து ஆளைப் பார்க்கத்தான் வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய பேராசிரியர் அறை வாசலில் வந்து நின்றாலும், கண்ணாடி மூக்குக்கு இறங்குகிற வரைக்கும் அவருக்கு அது வெறும் நிழல்தான்.

"முதல் பக்கத்துல ஆசைய எழுதியிருப்பாங்க. கடைசிப் பக்கத்துலதான் பிள்ளைங்க இருப்பாங்க" என்பார்.

பல்கலைக்கழகத்தின் மேற்படிப்புப் பிரிவில் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. முதுகலைப் படிப்பில் ஒரு பாடத்தைச் சேர்க்கவோ, ஒன்றைத் தூக்கவோ எந்தத் துறை நினைத்தாலும் அந்தக் காகிதம் இவர் மேசை வழியாகத்தான் போயாக வேண்டும். ஆசிரியர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கடைசிப் பக்கம்'. இவருக்கும் அது தெரியும். ஒருநாள் போனை எடுத்தவர், "ஆமாங்க, கடைசிப் பக்கந்தான் பேசறேன்" என்று சொல்ல, அந்தப் பக்கம் இருந்தவர் போனை வைத்துவிட்டார். சொந்தமில்லை, ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதே கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை என்னுடையது. பதினாறு வருஷமாக அந்தப் பிரிவின் காகிதமெல்லாம் என் மெஷினில்தான் நகலாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான்; ஆனாலும் ஒரு முதுகலைப் படிப்பு எப்படி மாறுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

துறை எழுதும். துறையின் பாடத்திட்டக் குழுவில் ஆறு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அக்காவின் பிரிவு சரிபார்க்கும். பிறகு கல்விப் பேரவை. அது வருஷத்துக்கு இரண்டே தடவை கூடும். அக்கா அதை பஸ் என்பார். "பஸ் செவ்வாக்கெழம. வியாழக்கெழம நாலு மணிக்குக் கதவ சாத்திடுவேன்" என்று துறைத் தலைவர்களுக்கெல்லாம் போன் போகும். கதவு சாத்திய பிறகு வருகிற காகிதம் ஆறு மாதம் நிறுத்தத்தில் நிற்க வேண்டியதுதான். பேரவை ஒப்புக்கொண்டால் "ஊர் போய்ச் சேந்துடுச்சு" என்பார். ஒப்புதல், அங்கீகாரம் என்ற வார்த்தைகளை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

இன்னொரு சங்கதி உண்டு. ஆறு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஒரு வார்த்தை மாறினாலும், அந்த ஆறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் பென்சில். சந்தேகம் வந்த இடத்தில் எறும்பு அளவுக்கு ஒரு கேள்விக்குறி போடுவார். அதைப் பார்த்ததும் சில பேராசிரியர்கள் தங்கள் ஆறு பேரும் ஊரில் இருக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கும் அவர்தான் வருவார். வந்தால் என் கடையில் அரை மணி நேரம் புலம்பல். இரண்டு சின்ன அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரை இடித்து ஒன்றாக்கலாம் என்றாராம். "நல்லாத்தான் இருக்கும். இடிக்கற அன்னிக்கு உங்க அம்மா எங்க படுப்பாங்க?" என்று அக்கா கேட்டாராம். சுவர் இன்னும் நிற்கிறது. "என் தங்கச்சி சொல்றா, அண்ணிகிட்ட நல்ல சேதி சொன்னாலும் எந்தத் தேதியிலேர்ந்துன்னு கேப்பாங்களாம்" என்று சொல்லிவிட்டு, பெருமையா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு ஸ்பேனரைத் துடைப்பார். ஒரே மகள்; வேறு ஊரில் நர்ஸ். வாரம் ஒருமுறை போன் பேசும்போது அவளுக்கும் அதே கேள்விதான்: டியூட்டி மாறினால் உன் வார்டில் படுத்திருப்பவர்களை யாரிடம் ஒப்படைத்தாய்?

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவார். பன்னிரண்டு ஐம்பதுக்கு மேசையைத் துடைப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் ரொம்ப மெதுவாகப் பேசினால் கிளார்க்குகள் தத்தம் கம்ப்யூட்டருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வார்கள்.

போன தடவை பஸ் புறப்பட்டபோது நடந்ததைச் சொல்கிறேன்.

நீரியல் துறைத் தலைவர் புதிதாக வந்தவர். நாற்பதைத் தாண்டியிருக்காது. படிகளை இரண்டிரண்டாக ஏறுகிறவர். அவர் துறையின் முதுகலைப் படிப்பு இரண்டு வருஷம். ஆனால் இரண்டாம் வருஷத்து ஆய்வேடு எழுதி முடியாமல் பிள்ளைகள் மூன்று, நான்கு வருஷம் இழுக்கிறார்கள். ஆகவே ஆய்வேட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இரண்டு பாடமும் ஆறு மாதக் களப்பயிற்சியும் வைக்கலாம் என்று எழுதியிருந்தார். வருகிற பருவத்திலிருந்தே அமல். களப்பயிற்சிக்கு இடம் கொடுக்க நான்கு அலுவலகங்கள் ஒப்புக்கொண்டு கடிதமும் வந்துவிட்டது. ஆறு மாதம் தள்ளினால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மனிதர் ஒரு வருஷமாக அலைந்து சேர்த்தது அது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பேரவைக்கு வேண்டிய முப்பத்தெட்டு செட் காகிதத்தில் முதல் தவணையை இறக்கிவைக்க நான் அக்கா அறைக்குப் போனேன். தலைவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவருடைய ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். 'ஏற்கெனவே படித்து வருவோரில் பாதிக்கப்படுவோர்: எவருமில்லை' என்று அதில் இருந்தது. பக்கத்தில் எறும்பு உட்கார்ந்திருந்தது.

எவருமில்லை என்பதை எப்படிக் கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டார். வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் என்றார் தலைவர். இரண்டாம் வருஷத்திலும் அதைத் தாண்டி இழுத்துக்கொண்டும் இருந்த பதினொரு பேரும் ஒருவழியாக ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார்கள். முதல் வருஷத்தில் இருப்பவர்கள் புதிய முறைக்கு மாறச் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்கள். எல்லாத் துறையும் செய்கிற தப்பு இது. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் எண்ணுவார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர் துறைப் பதிவேட்டில் இருக்காது. மேற்படிப்புப் பிரிவில்தான் தனிப் பட்டியலாக இருக்கும்.

அக்கா அந்தப் பட்டியலைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். நீரியலில் ஒரே ஒரு பெயர். அப்பா படுத்த படுக்கையானதால் இரண்டு வருஷ விடுப்பில் போன பெண். விடுப்பு முடிவது வருகிற பருவத்தில். ஒரு வருஷம் முழுக்க வாரா வாரம் போய் நாற்பத்திரண்டு கிணறுகளில் நீர்மட்டம் அளந்து, பாதி ஆய்வேடும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தலைவருக்கு அவளைத் தெரியாது. அவர் வருவதற்கு முன்னால் போனவள். இருந்தாலும் மனிதர் நல்லவர். அந்தப் பெண் வந்தால் தனி மனு வாங்கி, தானே பொறுப்பாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீங்க பாத்துப்பீங்க சார்" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "உங்க நாற்காலி பாத்துக்குமா?"

அப்படியானால் ஒரு வரியை அக்காவே சேர்த்துவிடலாமே, ஐந்து நிமிஷ வேலைதானே என்றார் அவர். என் பேனா உங்கள் காகிதத்தில் படக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் அவரே எழுதி, அவருடைய ஆறு பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து பேர் உள்ளூரில் இருக்கிறார்கள். ஆறாமவர் வெளியூர், மின்னஞ்சலில் சம்மதம் வந்தால் போதும். அதோடு நிறுத்தவில்லை.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, திரும்பி வர்றாங்களான்னு கேட்டுடுங்க சார். வரலைன்னா உங்க பேப்பர் இப்பவே சரி. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பட்டியலிலேயே எண் இருந்தது. தலைவர் தன் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். நான் செட்டுகளை அடுக்குகிற சாக்கில் நின்றேன். அடுக்க ஒன்றும் பாக்கி இல்லை. எடுத்த பெண் இருந்த இடத்தில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். தலைவர் தன்னைச் சொல்லிக்கொண்டதும் அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தினாள்.

"சார், நான் இன்னும் லிஸ்ட்ல இருக்கேனா?" என்று கேட்டாள்.

தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சன்னலைப் பார்த்தார்.

"இருக்கீங்க" என்றார் தலைவர்.

அப்பா போய் மூன்று மாதமாகிறதாம். ராத்திரியில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறாளாம். ஒரு வருஷம் வகுப்புக்கு வா, களப்பயிற்சிக்குப் போ என்றால் முடியாது. வேலையை விட வழியில்லை. இன்னும் ஒரு அத்தியாயம்தான் சார் என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

போனை வைத்ததும் தலைவர் அக்காவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். 'முந்தைய முறையில் சேர்ந்து விடுப்பில் உள்ளோர், திரும்பி வரும் நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆய்வேட்டை அளித்துப் பட்டம் பெறலாம்' என்று எழுதினார். பிறகு ஓடினார். மூன்று பேர் அறையிலேயே அகப்பட்டார்கள். ஒருத்தர் வகுப்பில், வாசலில் வைத்து வாங்கினார். ஒருத்தர் பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். அங்கேயும் போய் வாங்கியிருக்கிறார். வெளியூர்க்காரரின் மின்னஞ்சல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு வந்தது. நான் மெஷினைச் சூடாக்கி வைத்திருந்தேன். அக்கா கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏத்திக்கப்பா" என்றார்.

செவ்வாய்க்கிழமை பேரவை. யாராவது கூடுதல் நகல் கேட்பார்கள் என்று பின்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. எனக்கு முன்னால், சுவரோரமாக அக்கா. உறுப்பினர்கள் பேசலாம், பிரிவு ஆட்கள் கேட்டாலொழிய பேசக்கூடாது. இத்தனை வருஷத்தில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை.

நீரியல் பதினேழாவது. துணைவேந்தர் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் மூத்த பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். எந்தக் காகிதத்தையும் பாதியாகச் சுருக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறவர். இந்தக் கடைசிப் பத்தி எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

"ஒருத்தங்களுக்கு சார்" என்றார் நீரியல் தலைவர்.

சிரிப்பு எழுந்தது. ஒருத்தருக்காகச் சட்டத்தில் ஒரு பத்தியா, பத்தியை எடுத்துவிட்டு மற்றதை நிறைவேற்றலாம், அந்த மாணவி வந்தால் மனு கொடுக்கட்டும் என்றார் மூத்தவர். பேரவையே மாற்றினால் யாரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. துணைவேந்தருக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. எடுத்துவிடலாமா என்று தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கேட்டதெல்லாம் அந்த நிமிஷமே கைக்கு வந்துவிடும். மாட்டேன் என்றால், இன்னும் யோசித்துக் கொண்டுவாருங்கள் என்று ஆறு மாதம் தள்ளவும் அவர்களால் முடியும். தலைவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், அக்கா எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கே தெரிந்திருக்காது.

"இருக்கட்டும் சார்" என்றார் தலைவர். "லிஸ்ட்ல இருக்கீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

துணைவேந்தர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் தோளைக் குலுக்கினார். அப்படியே நிறைவேறியது என்று குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பதினெட்டாவதைப் படிக்க ஆரம்பித்தார் துணைவேந்தர்.

சுவரோரமாக ஒருத்தர் நிற்பதை அப்போது இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கும் அது தெரிந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பத்தடி நடந்து சுவிட்ச் போர்டுக்குப் போய், ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நல்ல புழுக்கம்.