மதிலில் நான் திறந்த பொட்டு

கொடிகாமம் சந்தையில் மூட்டை சுமந்து தொடங்கியவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் கொக்குவிலில் கல்வீடு கட்டினேன், கிணறு வெட்டினேன், சீமெந்து கிடைக்காத இந்தச் சண்டைக் காலத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பினேன். அதற்காகப் பழைய வேலியையும், பக்கத்து வீட்டுக்குப் போய்வர அதில் விட்டிருந்த பொட்டு என்கிற திறப்பையும் எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை குண்டு போடும் பொம்மர் வானத்தில் சுற்றத் தொடங்கியது. பதுங்குகுழி இருந்தது பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சரின் வளவில். தெருவால் சுற்றி ஓட என் மனைவிக்குக் கால் ஏலாது.

மதிலுக்கு அப்பாலிருந்து ரீச்சர் கத்தினார்: "அண்ணை, கோட்டை கட்டினியள், இனிப் பறந்து வாங்கோ!"

"பகிடியை விட்டிட்டு அலவாங்கை எடு பிள்ளை! உங்காலை நீ இடி, இஞ்சாலை நான் இடிக்கிறன்!"

ஓட்டைக்குள்ளால் மனைவியைத் தள்ளி, நானும் குழிக்குள் இறங்கிய பிறகே குண்டு விழுந்தது. நாங்கள் சமைக்கிற குசினி இருந்த இடம் தெரியவில்லை.

அந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை. எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்து, எல்லா மதிலிலும் கூலியில்லாமல் பொட்டு உடைத்துக் கொடுத்தேன். முகம் பார்க்காத சனம் இப்போது அதால் கறி கொடுத்து வாங்குகிறது.

ஆனால் சனசமூக நிலையக் கூட்டத்தில், அயலை ஒற்றுமையாக்கியவர் என்று மாலை விழுந்தது ரீச்சருக்கு! தலைவரிடம் கேட்டேன். "அண்ணை, முதல் பொட்டை அடைச்சது நீங்கள்தானே?" என்று சிரிக்கிறார்.

ஓம், அடைத்தது நான்தான். ஒழுங்கை முழுக்கத் திறந்தது யார்? அடுத்த கூட்டத்தில் தலைவர் அதையும் எழுந்து நின்று, என் பெயரோடு சொல்லட்டும்.