வாப்பா கண்ட தப்பு

வாப்பா இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் என்னை அழைத்தார்.

"மக்கா, ஒங்க கேமுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன வாப்பா?"

"சொன்னா வெளங்காது. நேர்ல வா, காட்டித்தாறேன்."

நான் மீட்டிங்கில் இருந்தேன். சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். சனிக்கிழமை விடிவதற்கு முன் அவருக்கு நெஞ்சு வலித்தது. திருவனந்தபுரத்திலிருந்து நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

அந்தத் தப்பு என்னவென்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உம்மாவிடம் கேட்டேன். "கேமைப் பத்தி எனக்கென்ன தெரியும்? போனப் பாத்துத் தனியா சிரிச்சிட்டு இருப்பாரு" என்றார்.

என் வேலை டெஸ்டிங். மொபைல் கேம் வெளிவருவதற்கு முன் அதிலுள்ள தப்புகளைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது. அப்போது கையில் இருந்தது ஒரு மீன்பிடி கேம். வெளியிட ஐந்து வாரம் இருந்தது. அதில் நான் பார்க்காத ஒரு தப்பை வாப்பா பார்த்திருக்கிறார். அது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும்.

முகம்மது ஹனீபா, தேங்காப்பட்டணம். பிறந்தது 1961. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. முதலில் சைக்கிள் கடையில் வேலை. கரைக்கு அவுட்போர்டு எஞ்சின்கள் வரத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது தாண்டியிருந்தது. எஞ்சினோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. படங்களை மட்டும் பார்த்துப் படித்தார். பதினோரு வருடம் ஷார்ஜாவில் படகு பழுதுபார்க்கும் யார்டில் இருந்தார். 2004இல் திரும்பிவந்து துறைமுகச் சாலையில் தகரக் கொட்டகை போட்டார்.

யார் எஞ்சின் கொண்டு வந்தாலும் உடனே கழற்ற மாட்டார். வள்ளத்தில் மாட்டி, தண்ணீருக்குக் கொண்டுபோய், ஓடவிட்டு, பிறகு அணைத்துவிட்டுச் சும்மா இருப்பார். வள்ளத்துக்காரர்கள் மண்ணெண்ணெய் வீணாகிறது என்று திட்டுவார்கள். "ஓடும்போ எல்லா எஞ்சினும் யோக்கியன்தான் வோய்" என்பார்.

நான் கேம் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளயாடுறதுக்கு ஆரு மக்கா சம்பளம் தாறது?" இரண்டாவது, "தப்பே கெடைக்கலன்னா வேலைய விட்டு எடுத்துருவானுவளா?" கடைசியாக ஊருக்கு வந்தபோது பழைய போன் ஒன்றில் கேமைப் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே விசாரணை தொடங்கியது.

"மீன் எங்கேந்து வருது?"

"ராண்டம் வாப்பா."

"அப்படின்னா?"

"எங்க வரும், எப்ப வரும்னு ஒரு கணக்கும் கெடயாது."

"கொள்ளாம். கடலும் அப்படித்தான்."

உம்மா இத்தாவில், கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய காலத்தில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. அவரோடு இருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். முதல் வாரத்திலேயே வாப்பாவின் போனைத் திறந்தேன். அதில் இருந்தது டெஸ்டிங்குக்கான கேம். யார் எதைத் தொட்டாலும் நேரத்தோடு பதிந்து வைக்கும். பத்தொன்பது நாள் பதிவு இருந்தது.

கேமில் ஒரு நாள் என்பது நான்கு நிமிடம். திரையின் மேலே கிழமை காட்டும். ஏழு நாள் தொடர்ந்து கடலுக்குப் போனால் பரிசாக ஒரு பெரிய விளக்கு கிடைக்கும். வாப்பாவுக்கு அந்த விளக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. ஆறு நாள் போகிறார். ஏழாம் நாள் வள்ளம் கரையில் நிற்கிறது. நான்கு நிமிடமும் திரையில் ஒரு தொடுதல்கூட இல்லை. கேமை மூடவும் இல்லை. பிறகு மறுபடி ஆறு நாள்.

கேம் தொங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிழமையைப் பார்த்தேன். வெள்ளி.

எங்கள் கரையில் வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அவர் கேமிலும் போகவில்லை. வாப்பா சொன்ன தப்பு இதுதான் என்று முடிவு செய்தேன்: வாரம் முழுக்கக் கடலில் கிடப்பவனுக்குத்தான் பரிசு என்கிற விதி. ரிப்போர்ட் பாதி எழுதிவிட்டேன்.

மறுநாள் மரியான் மாமா தன் எஞ்சினை எடுத்துப்போகக் கொட்டகைக்கு வந்தார். இனயத்துக்காரர், வாப்பாவிடம் இருபது வருடமாக வருகிறவர். எஞ்சின் பாதி கழற்றிய நிலையில் கிடந்தது. உதிரிகளைச் சாக்கில் போட உதவினேன். அப்போது விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா? அதையா அவன் தப்புன்னு சொன்னான்?" என்றார். "இருக்காது பிள்ளே. அது அவனுக்க காரியம். அதுக்குப் பரிசு கேக்கமாட்டான். எனக்கு ஞாயித்துக்கிழம கெடயாது. ரெண்டுபேரும் ஒரு வள்ளத்துல போனா வாரத்துக்கு அஞ்சு நாளுதான்."

"அப்ப வேற என்ன மாமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் போனுல பேசமட்டும்தான் படிச்சிருக்கேன்."

அவர் போன பிறகு கேமின் மற்ற ஆறு கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்ற பதிவைப் பார்த்தேன். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அவர் மீனே பிடிக்கவில்லை. நடுக்கடலுக்குப் போகிறார். எஞ்சினை அணைக்கிறார். இரண்டு நிமிடம் விடுகிறார். போடுகிறார், கொஞ்ச தூரம் போகிறார், மறுபடி அணைக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மட்டும் முப்பத்தோரு முறை. கடைசிப் பதிவு 11.24. அதன் பிறகுதான் என்னை அழைத்திருக்கிறார்.

நானும் அதையே செய்தேன். எஞ்சினை அணைத்தேன். வள்ளம் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து முறை செய்தும் தெரியவில்லை.

மரியான் மாமா விட்டுப்போன ஒரு புரொப்பெல்லரைக் கொடுக்க இனயத்துக்குப் போனபோது போனை அவரிடம் நீட்டினேன். எஞ்சினை அணைத்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏன் நிக்குது?"

"எஞ்சின் நின்னுட்டு மாமா."

"எஞ்சின் நின்னா வள்ளம் எதுக்கு நிக்கணும்? நீவாடு இழுக்காதா? இது என்ன, கொளமா?"

நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். எஞ்சின் அணைந்த வள்ளத்தை அது கொண்டுபோகும். எங்கள் கேமின் கடலில் அலை இருந்தது, நுரை இருந்தது, கடல்காக்கையின் சத்தம்கூட இருந்தது. நீவாடு இல்லை. ஆறு மாதம் அதைச் சோதித்தவள் நான். எஞ்சின் மெக்கானிக்கின் மகள்.

அன்றே ரிப்போர்ட் அனுப்பினேன். கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் ஆபீஸ் பட்டியலில் உள்ள பெயரைத்தான் போட முடியும். அதனால் விவரத்தின் முதல் வரியில் எழுதினேன்: கண்டுபிடித்தவர் முகம்மது ஹனீபா, எஞ்சின் மெக்கானிக், தேங்காப்பட்டணம்.

டீம் லீட் ஜெரிஷ் அழைத்தான். மார்த்தாண்டத்துக்காரன். "ஃபாஸிலா, இது தப்பில்ல, டிசைன். எஞ்சின ஆஃப் பண்ணுனா வண்டி நிக்குமில்லியா?"

"வண்டி நிக்கும். வள்ளம் நிக்காது. ஒன் ஊருலேந்து கடல் பத்து மைலு, ஜெரிஷ். ஒருநாளு வந்து பாரு."

"செரி. வாப்பா எத்தன தடவ செஞ்சு பாத்தாரு?"

"கடைசி நாளு மட்டும் முப்பத்தோரு தடவ."

"நம்ம டீமுல ஒருத்தனும் முப்பத்தோரு தடவ பாக்கமாட்டான்" என்றான்.

எட்டாம் நாள் திருத்தம் வந்தது. எஞ்சினை அணைத்தேன். வள்ளம் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. ஏன் வலப்பக்கம் என்று புரோகிராம் எழுதியவனிடம் கேட்டேன். திரையில் அங்கேதான் இடம் இருக்கிறது என்றான்.

மறுபடி மரியான் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் வள்ளம் போவதைக் கடைசிவரை பார்த்தார்.

"போவுது. ஆனா இது எந்த மாசம்?"

"கேமுல மாசம் ஒண்ணும் கெடயாது மாமா. கிழமைதான்."

"மாசம் தெரியாம நீவாடு எந்தப் பக்கம்னு எப்படிச் சொல்லுவ?"

நோட்டில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி அவர் முன் வைத்தேன். ஒன்பதுக்குத் திசை சொன்னார். மீதி மூன்று மாதம் அவர் கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவாராம். இங்கே எப்படி என்று உறுதியாகத் தெரியாது என்றார்.

முடிந்தது என்று குறித்திருந்த ரிப்போர்ட்டை மறுபடி திறந்தேன். வெளியிடப் பத்து நாள்தான் இருந்தது. நோட்டில் மூன்று மாதங்களின் கட்டங்கள் காலியாக இருந்தன. நோட்டை எடுத்துக்கொண்டு தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் போனேன். வள்ளங்கள் வந்து கொண்டிருந்தன.