பின் பிரேக்கில் ஒரு கால் சுற்று

லிஃப்ட்காரருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்து மெஷின் அறையை விட்டு வருமுன், பிரேக் திருகைக் கடைசியாக ஒருமுறை கால் சுற்று இறுக்கிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். யார் பெற்ற பிள்ளையோ அந்தப் பெட்டிக்குள் நின்று அந்தரத்தில் தொங்கப் போகிறது, பிரேக் தளர்ந்துவிட்டது என்ற பேச்சே வரக் கூடாது என்பது அவர் கட்சி. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையின் மண்பாதையில் வருடத்துக்கு ஒருமுறை சைக்கிள் பந்தயம் நடக்கும். அடிவாரத்தில் புறப்பட்டு உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஏற வேண்டும். பரிசு வாங்குவதெல்லாம் இளவட்டங்கள். லிஃப்ட்காரரும் அவர் மனைவியின் அண்ணனும் கடைசிக் கூட்டத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்கிறவர்கள். ஆனால் அந்தக் கடைசிக் கூட்டத்துக்குள் இந்த இருவருக்கும் தனியாக ஒரு பந்தயம் நடந்தது. வருடம் தவறாமல் மச்சான்தான் ஜெயித்தார்.

மச்சான் சலூன் வைத்திருந்தார். பந்தயம் முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த பந்தயம் வரை நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தலைக்கும் அந்தக் கதையைச் சொல்வார். "எங்க மச்சானுக்கு லிஃப்ட்லயே ஏறி ஏறிப் பழகிப்போச்சு. மலையிலயும் பட்டன் எங்க இருக்குன்னு தேடுறாரு!" கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். முடி வெட்டிக்கொள்ள வந்த லிஃப்ட்காரரும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் போய்விடுவார். ஒரே ஒரு தடவை, யாரும் வாய் திறக்க முடியாதபடி ஜெயித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அவர்களுக்குள் ஒரு வினோதமான ஏற்பாடு இருந்தது. முதல் வருடம் தோற்றபோது லிஃப்ட்காரர் பழியைச் செயின் மேல் போட்டார். அன்றைக்கே மச்சான் சொல்லிவிட்டார்: "இனிமே உன் வண்டிய நான் ரெடி பண்றேன், என் வண்டிய நீ ரெடி பண்ணு. அப்புறம் யாரும் வண்டிய குத்தம் சொல்லக் கூடாது." அன்று முதல் பந்தயத்துக்கு முந்தின மாலை இருவரும் சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள், காலையில் திருப்பிக் கொடுப்பார்கள்.

இந்த வருடம் முதல் மேட்டிலேயே லிஃப்ட்காரர் முந்திவிட்டார். அவராலேயே நம்ப முடியவில்லை. இரண்டாவது மேடு ஏறியும் மச்சான் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். தலை கால் புரியாத சந்தோஷத்தில் லிஃப்ட்காரர் இன்னும் அழுத்தி மிதித்தார். தொட்டி மரங்களுக்கு மேலே தெரியத் தொடங்கியபோதுதான், பின்னாலிருந்து ஒரு சத்தம் காதில் விழுந்தது. உஸ்... உஸ்... சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டை உரசும் சத்தம்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று மாலை மச்சானின் வண்டியை முடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போனது நினைவுக்கு வந்தது. கை அதன்பாட்டுக்குப் பின் பிரேக்கில் ஒரு கால் சுற்று போட்டிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவும் மறந்திருக்கிறார்.

தொட்டி கண்ணெதிரே இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தால் போதும். அவர் மிதிக்கவும் செய்தார். பொய் சொல்வானேன், ஒரு வளைவு முழுக்க மிதித்தார். அதற்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை. இறங்கி, வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கீழே ஓடினார்.

"மச்சான், நில்லு! பின் பிரேக் பிடிக்குது."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"மொத மேட்டுலேருந்தே. நீ போ மச்சான், ஜெயிச்சுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. மண்டி போட்டு, பையிலிருந்த ஸ்பேனரால் திருகைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது. "ஏறு," என்றார்.

மச்சான் வழக்கம்போல முன்னால் போய்ச் சேர்ந்தார். தொட்டி அருகே தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்த மனைவி, "இந்த வருஷமும் அதே கதைதானா?" என்று சிரித்தாள். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், பாட்டிலை நீட்டினாள்.

அதன் பிறகு லிஃப்ட்காரர் சலூன் பக்கமே போகவில்லை. தாடி மண்டியது. "எங்க அண்ணன் மேல கோவம்னா அவர்கிட்ட போய்க் காட்டுங்க. மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மனைவி பிடுங்கி எடுத்ததில் ஒரு மதிய வேளையில் கிளம்பிப் போனார். கடையில் வேறு யாருமில்லை. மச்சான் துண்டைப் போர்த்தி, நுரை தடவி, கத்தியை எடுத்தார். பந்தயக் கதை எதுவும் சொல்லவில்லை.

"நான் வேணும்னே பண்ணேன்னு நெனச்சுட்ட, இல்ல?" என்றார் லிஃப்ட்காரர்.

கத்தி கன்னத்துக்கு அருகில் நின்றது.

"நெனச்சேன் மச்சான்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்காம ஓட்டுன?"

"மொத மேட்டுல கோவம்தான் வந்துச்சு. ரெண்டாவது மேட்டுல யோசிச்சேன். இத்தன வருஷமா ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் உன்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். இப்படி ஒரு காரியம் பண்ற அளவுக்கு நான்தான் உன்னைக் கொண்டுவந்து விட்டுட்டேனோன்னு தோணுச்சு. எனக்கே வெக்கமா போச்சு."

லிஃப்ட்காரர் கண்ணாடியில் தன் நுரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை தெரியாம இறுக்கிடுச்சு. மெஷின் ரூம்னு நெனச்சுடுச்சு போல."

"நீ எறங்கி ஓடிவந்தப்பவே புரிஞ்சுது."

"இருந்தாலும் நெனச்சுட்டியே."

"நெனச்சுட்டேன். தப்புதான்."

நேராகவே சொல்லிவிட்டார். ஆனாலும் லிஃப்ட்காரருக்கு வலி தீரவில்லை. "அடுத்த வருஷம் உன் வண்டிய நீயே பாத்துக்கோ," என்றார்.

மச்சான் கத்தியை நுரை போகத் துடைத்தார். மோவாயில் விரல் வைத்து லிஃப்ட்காரரின் தலையை மேலே உயர்த்தினார். கத்தி கழுத்துக்கு வந்தது.

"ஆடாத. என் வண்டி கடைக்குப் பின்னாடி நிக்குது. செயின் சத்தம் போடுது. போறப்போ எடுத்துட்டுப் போய்ப் பாரு."

கழுத்தில் கத்தி இருக்கும்போது தலையாட்ட முடியாது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ம்," என்றார்.