பாண்டியைத் திரும்பக் கொண்டுவந்தவர்

பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் மென்பொருளில் யாரோ ‘பாண்டி’யை எல்லா இடத்திலும் ‘புதுச்சேரி’ என்று திருத்திவிட்டார்கள். பாண்டி என்று தேடியவர்களுக்கு ஒரு பஸ்ஸும் வரவில்லை. அதற்குள் நாங்கள் வேறு பல திருத்தங்களும் செய்திருந்தோம்.

எங்கள் லாஸ்பேட்டை ஆபீசுக்கு உதவிக்கு வந்த மென்பொருள் நிபுணர் அம்மாள், ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

“அந்தத் திருத்தத்தை எடுத்தா பின்னாடி செஞ்சதெல்லாம் போயிடுமா மேடம்?” என்றேன்.

“பின்னாடி வந்ததெல்லாம் அதனால வந்ததில்ல. அதைப் புடிச்சிட்டு நிக்கறது எதுன்னு மட்டும் பாருங்க.”

எந்தத் திருத்தம் எதைச் சார்ந்தது என்று காட்டும் கருவி, இதைச் சார்ந்தது எதுவுமில்லை என்றது. அவர் பின்னால் வந்த திருத்தங்களை வாசித்துப் பார்த்து, புதுப்பெயரை நம்பியிருந்த சலுகை விதி ஒன்றைப் பிடித்துச் சரிசெய்தார். பெயர்த் திருத்தத்தை எடுத்ததும், தேடலில் பாண்டி பஸ்கள் வரிசையாக வந்தன.

“அப்ப அந்தக் கருவியால பிரயோஜனம் இல்லையா?”

“பாதி பயத்தை அது போக்குச்சே. மீதிக்குத்தான் நான்.”

மடியிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று வரும்போதே தெரிந்திருக்குமோ?